பருவம் தெரிந்தால் பாதிப் பயணம்

குலசேகரம், திற்பரப்பு, அருமனை, திருவட்டாறு பக்கத்து வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் இந்த முறை எடுத்துக்கொண்டவை எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: வெளிநாட்டுப் பயணத்துக்கு நாள் குறிப்பது எப்படி?

வெளிநாடு போக நல்ல மாதம் எது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
— மளிகைக் கடைக்காரர், குலசேகரம்

திற்பரப்புக்கு எப்போது போகலாம் என்று ஒரு வெளியூர்க்காரர் உங்கள் கடையில் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? "குளிக்கவா, பார்க்கவா?" என்று கேட்பீர்கள். பேச்சிப்பாறையில் உபரி நீர் திறந்துவிட்ட நாளில் அருவி பார்க்கப் பிரமாதம், குளிக்கத் தடை. வெளிநாட்டுக்கும் அதே கேள்விதான். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், மாதம் தானாக வந்து நிற்கும்.

மூன்று கணக்கு பார்க்க வேண்டும். பெரும்பாலான திருவிழாவுக்கு நிலவு. அருவிக்கும் பூவுக்கும் விலங்குக்கும் மழையும் வெயிலும். டிக்கெட் விலைக்குப் பள்ளி விடுமுறை. முதல் கணக்கைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடும். இரண்டாவது எப்போதும் உத்தேசம்தான், அதற்கு நாலு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும். மூன்றாவதை மறந்தால் நஷ்டம் பர்சுக்கு.

மகன் மஸ்கட்டில் வேலை செய்கிறான். "அம்மா, ஜூலையில் வா" என்கிறான். அந்த வெயிலில் போய் நான் என்ன செய்ய? டிசம்பரில் போகலாம்தானே?
— இல்லத்தரசி, அருமனை

மகன் விவரமானவன் அம்மா, ஜூலையிலேயே போங்கள். ஆனால் மஸ்கட்டோடு நிற்காமல் சலாலாவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

ஜூன் தொடக்கத்தில் நம் மலையில் இறங்கும் அதே தென்மேற்குக் காற்று, அரபிக்கடலின் அந்தக் கரையில் ஓமனின் தெற்கு மூலையான தோஃபாரையும் உரசிக்கொண்டுதான் வருகிறது. அந்தக் காற்று கடலின் மேல்தண்ணீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அதன்மேல் படும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகி, மலையில் முட்டி நின்று தூறலாகச் சொட்டுகிறது. மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும் குன்றுகள் ஒரு பருவம் முழுக்கப் பச்சையாகின்றன. இதற்கு அங்கே கரீஃப் என்று பெயர். ஜூன் 21 முதல் செப்டம்பர் 20 வரை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆனால் தொடக்க நாளில் போனால் பச்சை இருக்காது. ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் முடிய நல்ல காலம். வளைகுடாவின் மற்ற ஊர்களில் வெயில் 45 டிகிரியைத் தொடும்போது சலாலாவில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தப் பக்கத்து நாடுகளிலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாகக் காரில் வந்து மழையில் நனைகிறார்கள்.

வாதி தர்பாத்தில் நீர் விழுவதைப் பாருங்கள். முக்சைல் கரையில் பாறைத் துளை வழியே கடல் பீய்ச்சி அடிப்பதையும் பாருங்கள். அந்தப் பருவத்தில் கடல் கொந்தளிக்கும், காலை நனைக்கக்கூட இறங்க வேண்டாம். சாலையோரக் கடைகளில் இளநீரும் வாழைக்குலையும் பப்பாளியும் தொங்குவதைப் பார்க்கும்போது அருமனைச் சந்தையில் நிற்பதுபோல இருக்கும். மலைமேல் நபி அய்யூபின் அடக்கத்தலம் என்று போற்றும் இடம் இருக்கிறது. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் யோபு என்று படிப்பது அவரைத்தான்.

மஸ்கட்டிலிருந்து சாலை வழி சுமார் 1,000 கிலோமீட்டர். உங்கள் முழங்காலை நினைத்து உள்நாட்டு விமானத்தில் போங்கள். டிக்கெட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜூன் கடைசியில் வளைகுடாப் பள்ளிகள் மூடும்போது கூட்டம் அங்கிருந்து இங்கே வரும், ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து அங்கே திரும்பும். நீங்கள் ஜூலை நடுவில் திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டு, ஓணக் கூட்டம் தொடங்கும் முன் திரும்பினால் எதிர்த்திசைப் பயணி. விலை உங்கள் பக்கம் சாயும்.

துபாய்க்கு நோன்பு மாதத்தில் போகலாமா?
— ஆட்டோ ஓட்டுநர், வேர்க்கிளம்பி

தாராளமாக. பகல் அமைதியாகவும் இரவு களையாகவும் இருக்கும், நோன்பு திறக்கும் நேரத்துச் சாப்பாட்டுக்காகவே போகலாம். பகலில் பொது இடத்தில் நோன்பாளிகள் முன்னால் தின்னாமல் இருப்பது மரியாதை. ரமலான் ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினொரு நாள் முன்னதாக வருகிறது. இப்போது குளிர்காலப் பக்கம் வந்துவிட்டதால் வெளியே நடமாடவும் முடியும், பதினைந்து வருஷத்துக்கு முன் அது கொளுத்தும் ஆகஸ்டில் வந்தது.

எங்களுக்கு ஏது லீவு? பால்வெட்டு இல்லாத நாள்தான் லீவு. அந்த நாளில் எங்கே போக?
— ரப்பர் தோட்டக்காரர், பொன்மனை

உங்களுக்குக் கிடைக்கும் லீவு உலகத்திலேயே நல்ல லீவு. இலை உதிர்ந்து புதுத்தளிர் விடும் பிப்ரவரி, மார்ச்சில் மரத்துக்கு ஓய்வு கொடுப்பீர்கள். அந்த நேரத்தில் இலங்கையின் தெற்கும் மேற்கும் மலைநாடும் பெரும்பாலும் காய்ந்து தெளிவாக இருக்கும்.

முதலில் சிவனொளிபாத மலை. 2,243 மீட்டர் உயரம். மார்கழியை ஒட்டி வரும் டிசம்பர் பௌர்ணமியில் பருவம் தொடங்கி வைகாசி விசாகத்தை ஒட்டிய வெசாக் பௌர்ணமியில் முடியும். அந்த மாதங்களில் படி நெடுக விளக்கெரியும், வழியில் தேநீர்க் கடை இருக்கும். மற்ற மாதங்களில் இருட்டும் மழையும் அட்டையும்தான் துணை. நல்லதண்ணியிலிருந்து இரவு இரண்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் உதயத்துக்கு உச்சியில் இருக்கலாம். கிழக்கே சூரியனைப் பார்த்த கையோடு மேற்கே திரும்புங்கள். மலையின் நிழல் முக்கோணமாக நீண்டு கிடக்கும். பௌர்ணமி இரவையும் சனி, ஞாயிறையும் தவிர்த்தால் படியில் வரிசை நிற்க வேண்டாம்.

அடுத்து மிரிஸ்ஸ. நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீலத் திமிங்கிலம் பார்க்கப் படகு விடுகிறார்கள். அங்கே கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆழமாகிவிடுவதால் அவ்வளவு பெரிய உயிரினம் அவ்வளவு பக்கத்தில் வருகிறது. துரத்திப் போகும் படகில் ஏறாதீர்கள். தூரத்தில் எஞ்சினைத் தணித்துக் காத்திருக்கும் படகைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, உங்களுக்கென்றே ஒரு இடம். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம்தான். அந்தக் கன்றுகளில் பெரும்பகுதி அதே ஆண்டு இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டது. ஆசியாவின் ரப்பர் வரலாறு அந்த மண்ணில் தொடங்குகிறது. கொழும்பு விமான நிலையத்திலிருந்து கிட்டத்தில்தான் இருக்கிறது, திரும்பி வரும் நாளில் ஒரு எட்டு பார்த்துவிடலாம். குலசேகரத்தைச் சுற்றி ரப்பரை நம்பி வாழும் எத்தனையோ குடும்பங்களில் ஒருவராவது அங்கே போய் நின்று வந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

பாஸ்போர்ட் இல்லாமல் வெளிநாடு போக வழி இருக்கா?
— கல்லூரி மாணவர், திருவட்டாறு

இருக்கிறது மக்கா. நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் வாக்காளர் அட்டை போதும். இன்னொன்று நம் பக்கத்திலேயே: கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. 1974 ஒப்பந்தப்படி தீவு இலங்கையுடையது. இந்திய யாத்திரிகர்கள் அங்கே வர இலங்கையிடம் பயண ஆவணமோ விசாவோ பெறத் தேவையில்லை என்று அதே ஒப்பந்தம் சொல்கிறது. தவக்காலத்தில், பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரு வார இறுதியில் விழா நடக்கும். ராமேஸ்வரத்தில் முன்கூட்டியே பெயர் பதிந்து படகில் போக வேண்டும். தீவில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, கையோடு கொண்டுபோக வேண்டும். அந்தக் கரையிலிருந்து யாழ்ப்பாணத்து மக்களும் வருவார்கள். இரண்டு கரைத் தமிழரும் ஒரே திருப்பலியில் நிற்கும் காட்சிக்கு எவ்வளவு தூரமும் போகலாம். 2024-இல் மீனவர் கைதை எதிர்த்து ராமேஸ்வரத்திலிருந்து படகுகள் போகவில்லை. அதனால் அந்தந்த ஆண்டு நிலவரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஆகஸ்டில் பத்துப் பதினைந்து நாள் ஒதுக்க முடியும். இலங்கையில் கண்டி பெரஹரா, நல்லூர்த் தேர் இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், தக்கலை

முடியும். நிலவே உங்களுக்கு வழி போட்டுக் கொடுக்கிறது. கண்டியில் ஐந்து நாள் கும்பல் பெரஹராவும் அதன்பின் ஐந்து நாள் ரந்தோலி பெரஹராவும் நடந்து, பௌர்ணமியை ஒட்டிய கடைசி இரவு உச்சத்துக்கு வரும். நல்லூர் கந்தசுவாமி கோயிலில் ஆடி அமாவாசைக்கு அடுத்த ஆறாம் நாள் கொடியேறி, 24-ஆம் நாள் தேர், 25-ஆம் நாள் தீர்த்தம். தீர்த்தம் ஆவணி அமாவாசையை ஒட்டி வரும். ஆக, கண்டியின் கடைசி இரவுக்கும் நல்லூர்த் தேருக்கும் இடையே இரண்டு வாரம்கூட இருக்காது. 2025-இல் கண்டியின் கடைசி ரந்தோலி ஆகஸ்ட் 8, நல்லூர்த் தேர் ஆகஸ்ட் 21.

நடுவே என்ன செய்ய என்று கேட்பீர்கள். மின்னேரியா இருக்கிறது. மழையில்லாத அந்த மாதங்களில் மின்னேரியாக் குளம் வற்ற வற்ற, கரையில் இளம்புல் முளைக்கும். சுற்றுக் காடுகளில் சிதறிக் கிடக்கும் யானைகள் அந்தப் புல்லையும் மிச்சத் தண்ணீரையும் தேடிக் கூட்டங்கூட்டமாக இறங்கிவரும். ஆகஸ்டும் செப்டம்பரும் உச்சம், மாலை நேரம் நல்லது. குளத்தில் தண்ணீர் நிறைய நிறுத்தி வைத்த ஆண்டில் புல் குறையும், யானையும் குறையும். அங்கிருந்து திருகோணமலை. கிழக்குக் கரைக் கடல் அப்போது அமைதியாக இருக்கும், கோணேசரைத் தரிசித்துக் கடலிலும் குளிக்கலாம். பிறகு யாழ்ப்பாணம். அதே நேரத்தில் தெற்குக் கரை கொந்தளிக்கும் என்பதால் மிரிஸ்ஸ பக்கம் போக வேண்டாம்.

கண்டியில் கடைசி மூன்று இரவுக்கான அறையை மாதக்கணக்கில் முன்பே பிடித்துவிடுங்கள். தேர் நாளில் நல்லூரில் ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும் என்பது உங்களுக்கு, திருவட்டாறு ஆதிகேசவனைச் சேவித்துப் பழகியவருக்கு, புதிதில்லை.

அப்பாவுக்கு 74 வயது. பத்துமலைத் தைப்பூசம் பார்க்க ஆசை. கூட்டம் பயமாக இருக்கிறது.
— வங்கி ஊழியர், மார்த்தாண்டம்

பூச நாளில் அவரை 272 படி ஏற்ற வேண்டாம். வெள்ளித் தேர் பூசத்துக்கு முன்பே இரவில் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்பட்டுப் பத்துமலைக்கு நடக்கும். கோயில் வாசலுக்குப் பக்கத்தில் அறை எடுத்து, தேர் கிளம்புவதை நாற்காலி போட்டுக் காட்டுங்கள். காவடிகளைப் பூசத்தன்று மிக அதிகாலையில் அடிவாரத்தில் நின்று பார்த்துவிட்டு வெயிலுக்கு முன் திரும்பிவிடுங்கள். படியேறுவதைக் கூட்டம் வடிந்த பிறகு இன்னொரு காலையில் வைத்துக்கொள்ளலாம். 42.7 மீட்டர் முருகன் எங்கும் போய்விட மாட்டார்.

பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளில் வடகிழக்குப் பருவக்காற்று அடித்துக் கடைகள் மூடியிருக்கும். கடல் வேண்டுமென்றால் மேற்கே லங்காவி. சீனப் புத்தாண்டும் இந்தப் பக்கத்தில்தான் வரும், டிக்கெட் போடும் முன் அந்தத் தேதியையும் பாருங்கள்.

ஆசிரியை நான். ஏப்ரல் கடைசியில்தான் விடுமுறை. ஜப்பானில் செர்ரிப் பூ பார்க்கக் கொடுத்து வைக்கவில்லையா?
— அரசுப் பள்ளி ஆசிரியை, மேக்காமண்டபம்

கொடுத்து வைத்திருக்கிறது டீச்சர், டோக்கியோவில் மட்டும் இல்லை. பூ தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. டோக்கியோவிலும் கியோட்டோவிலும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். வடக்கே அவோமோரியின் ஹிரோசாகி கோட்டைப் பூங்காவில் ஏப்ரல் பிற்பாதி. ஹொக்கைடோ தீவில் ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும். உங்கள் விடுமுறை ஹொக்கைடோவோடு பொருந்துகிறது. இடைஞ்சல் ஒன்றுதான்: ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானியர்களுக்கே தொடர் விடுமுறை. ரயிலும் அறையும் நிரம்பி வழியும், முன்பதிவு இல்லாமல் இறங்க வேண்டாம்.

பூத்ததை அவர்கள் அறிவிக்கும் முறையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டோக்கியோவின் யாசுகுனி கோயில் வளாகத்தில் ஒரு குறிப்பிட்ட மரம் இருக்கிறது. வானிலைத் துறைக்காரர் வந்து பார்ப்பார். ஐந்தாறு பூ விரிந்திருந்தால் பருவம் தொடங்கியது என்று அறிவிப்பு. எண்பது சதவீதம் விரிந்தால் முழுப்பூப்பு. அதன்பின் ஒரு வாரம், நடுவில் காற்றோ மழையோ வந்தால் அதுவும் இல்லை.

கியோட்டோவில் முழுப்பூப்பு நாளை அரசவை நாட்குறிப்புகளிலிருந்து திரட்டி 9-ஆம் நூற்றாண்டு வரைக்கும் பின்னோக்கிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்த 1,200 ஆண்டுப் பட்டியலில் மிக முந்திய நாள்களில் ஒன்று 2021-இன் மார்ச் 26. பூமி சூடாவதைப் பூவே எழுதிக் காட்டுகிறது. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் தேதியை நம்பாமல் அந்தந்த ஆண்டு முன்னறிவிப்பைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மே மாத விடுமுறையில் நார்வே போய் வட ஒளி பார்க்கலாமா?
— பொறியியல் மாணவி, களியல்

ஒளி இருக்கும், இரவு இருக்காது. ட்ரோம்சோவில் மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 20-ஐத் தாண்டும்வரை சூரியன் மறைவதே இல்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை போங்கள், நிலவு தேய்ந்த வாரமாகப் பாருங்கள், நாலைந்து இரவு தங்குங்கள்.

எங்கள் ஊரில் திற்பரப்பு இருக்க, விக்டோரியா அருவி பார்க்க ஆப்பிரிக்கா வரை போகணுமா? போனால் தண்ணி அதிகமாயிருக்கும் மாசம் எது?
— ஓட்டல்காரர், திற்பரப்பு

போகணும். 1,708 மீட்டர் அகலத்தில், 108 மீட்டர் ஆழத்துக்கு ஒரு ஆறு முழுதாக விழுவதை ஒருமுறையாவது பார்க்கணும். ஆனால் தண்ணீர் மிக அதிகமான மாதத்தில் வேண்டாம்.

கோதையாற்றுக் கரைக்காரரான உங்களுக்கு ஆற்றின் குணம் தெரியும். மேலே மலையில் மழை கொட்டினால் சீக்கிரமே இங்கே தெரிந்துவிடும். விக்டோரியாவில் விழும் ஜாம்பேசி ஆறு அப்படி இல்லை. அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை மழை. அந்த நீர் மேற்கு ஜாம்பியாவின் பரந்த சமவெளியில் பரவித் தேங்கி, மெதுவாக நகர்ந்து, மழை விட்ட பிறகு ஏப்ரல் வாக்கில்தான் அருவியில் உச்சத்துக்கு வருகிறது. அப்போது எழும் சாரல் பல கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மேகமாகத் தெரியும். எதிரே போய் நின்றால் வெள்ளைப் புகையும் நனைந்த சட்டையும்தான் மிச்சம், அருவி கண்ணில் படாது. அக்டோபர், நவம்பரில் போனால் ஜாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் பாறை. அந்த வறண்ட மாதங்களில் அருவியின் விளிம்பிலேயே இருக்கும் ஒரு குழியில் குளிக்க விடுகிறார்கள், துணிந்தவர்களுக்கு அது ஒரு காரணம்.

என் வோட்டு ஜூன் கடைசிக்கும் ஆகஸ்டுக்கும் இடையே. நீரும் நிறைய இருக்கும், முகமும் தெரியும். நம் ஊரில் இடைவிடாத மழையும் உங்கள் ஓட்டலில் வியாபாரம் மந்தமும் அந்த மாதங்களில்தான் என்றால் கணக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

கென்யாவில் காட்டுமாடுகள் ஆற்றைக் கடக்கும் நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியுமா?
— புகைப்படக்காரர், பேச்சிப்பாறை

முடியாது. யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான காட்டுமாடுகளும் கூடவே லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழைக்குப் பின்னால் புல் தேடிச் சுற்றுகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை மசாய் மாராவில் இருக்கும் என்பது உறுதி. மாரா ஆற்றை எந்த நாளில் எந்தத் துறையில் கடக்கும் என்பது அவற்றுக்கே அந்த நிமிஷம்தான் தெரியும். மூன்று நான்கு இரவாவது தங்குங்கள். கடப்பதைவிடப் பிறப்பைப் படமெடுக்க விரும்பினால் பிப்ரவரியில் தான்சானியாவின் தெற்கு செரங்கெட்டி. சில வாரத்துக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் விழும்.

கேமராவுக்கு முன் ஊசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். தமிழ்நாட்டில் கிண்டி கிங் நிலையத்திலும் சென்னை, தூத்துக்குடி துறைமுகச் சுகாதார அலுவலகங்களிலும் போடுகிறார்கள். உங்களுக்குத் தூத்துக்குடி பக்கம்.

அக்டோபரில் தாய்லாந்து பாக்கேஜ் பாதி விலை என்கிறார்கள். போடட்டுமா?
— மரக்கடை உரிமையாளர், குலசேகரம்

பாதி விலைக்குக் காரணம் மழை. நம் மாவட்டம் போலவே தாய்லாந்தும் இரண்டு பருவமழைக்கும் முகம் கொடுக்கும் நாடு. புக்கெட் இருக்கும் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை மழை. சமுய் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. அக்டோபர் இரண்டும் சந்திக்கும் மாதம். ஒரு மாதம் தள்ளி நவம்பர் பௌர்ணமிக்குப் போங்கள். லோய் கிராதோங் அன்று ஊர் முழுக்க வாழைத்தண்டில் தெப்பம் கட்டி விளக்கேற்றி ஆற்றில் விடுவார்கள். சுகோதாயிலும் சியாங் மாயிலும் வானம் தெளிந்திருக்கும், புக்கெட்டும் அப்போதுதான் வெளுக்கும். சியாங் மாய்க்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை போக வேண்டாம், வயலும் காடும் எரித்த புகை மூச்சை அடைக்கும்.

மார்ச்சில் பாலிக்கு நாலு நாள் டிக்கெட் மலிவாகக் கிடைத்தது!
— புதுமணத் தம்பதி, கடையாலுமூடு

வாழ்த்துகள். யுகாதித் தேதியைப் பார்த்தீர்களா? அதை ஒட்டிப் பாலிக்காரர்களின் சக ஆண்டுப் பிறப்பு, நியெபி. அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடிவிடும். தெருவில் வண்டி ஓடாது, வெளியே விளக்கு எரியாது, விருந்தினரும் ஓட்டலை விட்டு வெளியே வரக்கூடாது. நாலு நாளில் ஒன்று அப்படிப் போய்விடும். நியெபியைத் தவிர்க்க முடியாவிட்டால் அதற்கு ஒருநாள் முன்னதாகவாவது போய்ச் சேருங்கள். முந்தின மாலை பூத உருவங்களைத் தோளில் தூக்கி வரும் ஊர்வலத்தைப் பார்க்கலாம். மறுநாள் இரவு தீவு முழுக்க விளக்கில்லாத வானத்தில் நட்சத்திரம் பார்க்கலாம். புதுமணத் தம்பதிக்கு அது நஷ்டம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு ஜெர்மனி போய்க் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க வேண்டும்.
— செவிலியர், சுருளகோடு

நீங்கள் இறங்கும்போது கடை கட்டியிருப்பார்கள். நியூரம்பர்க் உட்பட ஜெர்மனியின் பெரும்பாலான சந்தைகள் நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 24-இல் முடிந்துவிடும். 25, 26 இரண்டு நாளும் கடைகளும் அடைப்பு. விடுமுறையை மாற்ற முடியாதென்றால் ஊரை மாற்றுங்கள். வியன்னாவில் ஷான்புருன் அரண்மனை முன்னால் நடக்கும் சந்தை புத்தாண்டைத் தாண்டியும் இருக்கும். செங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். டிசம்பருக்கு ஆகஸ்டிலேயே எழுந்துவிடுங்கள்.

பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பாஸ்கா நாடகம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
— மறைக்கல்வி ஆசிரியர், திருத்துவபுரம்

உண்மை. ஜெர்மனியின் பவேரியாவில் ஓபராமர்காவ் என்ற மலைக்கிராமம். 1633-இல் கொள்ளைநோய் பரவியபோது, நோய் நீங்கினால் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டுவோம் என்று ஊரார் நேர்ந்துகொண்டு, 1634-இல் முதலில் நடித்தார்கள். அந்த நேர்ச்சையை இன்றும் காக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்தவரோ 20 ஆண்டு வாழ்ந்தவரோதான் நடிக்க முடியும். நாடகம் சுமார் ஐந்து மணி நேரம், நடுவில் சாப்பாட்டு இடைவேளை உண்டு. 2020-இல் நடக்க வேண்டியது கொரோனாவால் 2022-க்குத் தள்ளிப்போனது. அடுத்தது 2030. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போகும் நம் மக்கள், கோவாவில் அவருடைய திருவுடலை வெளியே வைக்கும் ஆண்டுக்காகப் பத்து வருஷம் காத்திருந்து போகிறவர்கள். அந்தப் பொறுமை உங்களுக்கு இருக்கிறது. மாதச் சீட்டு ஒன்றை இப்போதே தொடங்குங்கள்.

முழுச் சூரிய கிரகணம் பார்க்க எங்கே போகலாம்?
— இயற்பியல் ஆசிரியர், குலசேகரம்

2027 ஆகஸ்ட் 2, எகிப்தின் லக்சர். ஆறு நிமிஷத்துக்கும் அதிகமாகச் சூரியன் முழுதாக மறையும், மேகம் வரும் பயம் அநேகமாக இல்லை. 2010 ஜனவரி 15-இல் கன்னியாகுமரி வானத்தில் கங்கண கிரகணத்தைப் பார்த்தவர்கள் நாம். அதில் ஒரு வளையம் மிச்சமிருந்தது, இதில் பகல் நடுவே நட்சத்திரம் தெரியும். வெயில் 40 டிகிரிக்கு மேல். தண்ணீர், தொப்பி, கிரகணக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். அறைகள் வேகமாக நிரம்புகின்றன, யோசிக்க நேரம் எடுக்காதீர்கள்.

சிவராத்திரிக்குக் காத்மாண்டு பசுபதிநாதர் கோயிலுக்குப் போகலாம் என்று தம்பி கூப்பிடுகிறான். போகட்டுமா அண்ணாச்சி?
— கட்டடத் தொழிலாளி, திருநந்திக்கரை

சிவராத்திரி அன்று மட்டும் போகாதீர்கள். பசுபதிநாதருக்குக் குறை சொல்லவில்லை. அன்று லட்சக்கணக்கானோர் கூடுவார்கள், சாமியார்கள் திரள்வார்கள், அது ஒரு பெரிய காட்சி. ஆனால் உலகில் எந்த ஊரிலும் கிடைக்காத சிவராத்திரி உங்கள் வாசல் வழியாக ஓடுகிறது. முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு என்று வந்து நான்காவதாக உங்கள் திருநந்திக்கரையைத் தொட்டு, பன்னிரண்டாவதான திருநட்டாலத்தில் முடியும் சிவாலய ஓட்டம். கையில் விசிறியோடு, "கோவிந்தா, கோபாலா" என்று குரல் கொடுத்தபடி நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடிச் சிவனைப் பார்க்கும் கூட்டத்துக்குத் தண்ணீரும் பானகமும் கொடுக்க உங்கள் தெருவில் ஆள் வேண்டும். வெளியூர்க்காரர் ஒருநாள் இதைப் பார்க்க விமானம் ஏறி வருவார்கள். அன்றைக்கு நீங்கள் ஊரில் இல்லாமல் போனால் எப்படி? தம்பியையும் ஓடச் சொல்லுங்கள்.

நேபாளத்துக்கு அக்டோபர், நவம்பரில் போங்கள். மழை கழுவிவிட்ட வானத்தில் இமயம் பளிச்சென்று தெரிவது அப்போதுதான். நவராத்திரியோடு வரும் தசைன் நாட்களில் ஊரே சொந்த கிராமத்துக்குப் போய்விடும், கடையும் பேருந்தும் குறையும். தசைன் ஐப்பசிப் பக்கத்துப் பௌர்ணமியோடு முடியும், தீபாவளியை ஒட்டித் திகார் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே பத்து நாள் போல இடைவெளி கிடைக்கும், அதில் டிக்கெட் போடுங்கள். விமானத்தில் போக வாக்காளர் அட்டையோ பாஸ்போர்ட்டோ வேண்டும். உங்கள் வயதுக்காரருக்கு ஆதார் மட்டும் காட்டினால் ஏற்ற மாட்டார்கள்.